மாப்பிள்ளைக்குப் பிரெஞ்சு தெரியும்

எனக்கு வரன் பார்த்த காலத்தில் அப்பாவின் கையில் மூன்று மாப்பிள்ளைகள் இருந்தார்கள். ஒருவர் காஞ்சிபுரத்தில் ஜரிகைக் கடை வைத்திருந்தார். இன்னொருவர் வெம்பாக்கம் பக்கத்தில் பள்ளிக்கூட வாத்தியார், அரசாங்கச் சம்பளம், கூடவே கொஞ்சம் நிலம். மூன்றாமவர் ஆரணியில் தறி போட்ட வீட்டுப் பிள்ளை. பி.காம். முடித்துவிட்டு, வீட்டில் நெய்த பட்டுச்சேலைகளைக் கடைகளுக்குக் கொண்டுபோய்ப் போட்டுக்கொண்டிருந்தார். மூன்றாமவரைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்த தரகர், எழுந்து செருப்பு மாட்டும்போதுதான் முக்கியமானதைச் சொன்னார்.

"அப்பால ஒண்ணு. பையனுக்குப் பிரெஞ்சு தெரியும்ங்க."

அப்பாவுக்குத் தேவிகாபுரத்தில் மளிகைக் கடை. தனியாவும் கடுகும் விற்றுக்கொண்டிருந்த மனிதர் அன்றைக்குத் தராசை அப்படியே விட்டுவிட்டு வெளியே வந்தார். "பிரெஞ்சுன்னா, பாண்டிச்சேரில பேசுவாங்களே, அதா?" என்றார். "அதேதான்" என்றார் தரகர். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் செய் என்பார்கள். தரகர் அன்றைக்கு ஒரே ஒரு பொய்தான் சொன்னார். அதையும் பொய் என்று அடித்துச் சொல்லிவிட முடியாது என்பதுதான் என் கதை.

வெம்பாக்கத்து வாத்தியாரைக் கொண்டுவந்தவர் என் பெரியப்பா. அப்பாவுக்கு உடன்பிறந்த அண்ணன். ஒருவர் கிழக்கு என்றால் மற்றவர் மேற்குதான். வாத்தியார் வீட்டுக்குப் பெரியப்பா கிட்டத்தட்ட வாக்குக் கொடுத்துவிட்டிருந்தார். "பிரெஞ்ச வெச்சு இன்னா பண்ணப் போற? மெளகா விக்கப் போறியா?" என்று கேட்டார். அப்பா அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் ஆரணிக்காரர்களைப் பெண் பார்க்க வரச் சொல்லிவிட்டார்.

வந்தார்கள். கேசரி, பஜ்ஜி எல்லாம் ஆனது. வழக்கமாக அந்தக் கட்டத்தில் பெண்ணைப் பாடச் சொல்வார்கள். நான் வாயைத் திறந்தால் தெரு நாயெல்லாம் பதில் சொல்லும் என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அப்பா முந்திக்கொண்டு, "மாப்ள, நீங்க கொஞ்சம் பிரெஞ்சு பேசிக் காட்டுங்களேன், எங்க அண்ணன் கேக்கணும்னு ஆசப்படறாரு" என்றார். பெரியப்பா அப்படி எதற்கும் ஆசைப்படவில்லை.

மாப்பிள்ளைக்கு முகம் வெளுத்தது. எழுந்து நின்றார். கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டார். எதிர்ச் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்து ஆரம்பித்தார். மூக்கிலிருந்தும் தொண்டையிலிருந்தும் வந்த அந்தச் சத்தத்தில் வழுக்கிக்கொண்டு போகிற ஒரு நடை இருந்தது. எங்கேயும் திக்கவில்லை. கூடம் முழுக்க வாயைப் பிளந்துகொண்டு கேட்டது. முடிந்ததும் பெரியப்பா மட்டும், "இன்னாத்தப் பத்திப் பேசினாரு?" என்றார்.

"ஒரு ஊரப் பத்திங்க" என்றார் மாப்பிள்ளை, நெற்றியைத் துடைத்துக்கொண்டே.

"பாத்தியாண்ணா, பொறுப்பா ஊரப் பத்திப் பேசறாரு" என்றார் அப்பா. அவ்வளவுதான், நிச்சயம் ஆகிவிட்டது. பெரியப்பா இரண்டு வருஷம் எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. அதற்குப் பிறகு பேச ஆரம்பித்தபோதும், எந்தக் கல்யாண வீட்டில் அப்பாவைப் பார்த்தாலும், பந்தியில் பத்துப் பேர் காதில் விழுகிற மாதிரி, "உம் மாப்ள இன்னும் பிரெஞ்சுதான் பேசறாரா, இல்ல சீனத்துக்கு மாறிட்டாரா?" என்று கேட்பார். அப்பா சிரிப்பார். அந்தச் சிரிப்பு வாயோடு நின்றுவிடும். எனக்கு அதைப் பார்க்கச் சகிக்காது.

கல்யாணமாகி ஆரணிக்கு வந்த புதிது. சாயம் போட்ட பட்டு நூல் காய்கிற மொட்டை மாடியில் ஒரு சாயங்காலம் நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம். நான் வெட்கத்தை விட்டுக் கேட்டேன்.

"எனக்கு மட்டும் கொஞ்சம் பிரெஞ்சு சொல்லுங்களேன்."

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். என் காதருகே குனிந்து, ரொம்ப மெல்லிசான குரலில், "ஓ காத்தோர்ஸியெம் ஸியெக்ள்..." என்று ஆரம்பித்தார். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. முடித்ததும், "அப்படின்னா இன்னா அர்த்தம்?" என்று கேட்டேன். "அதெல்லாம் தமிழ்ல சொன்னா நல்லா இருக்காது" என்றார். நான் அதற்கு என்ன அர்த்தம் எடுத்துக்கொண்டிருப்பேன் என்று உங்களுக்கே தெரியும். முகத்தை மூடிக்கொண்டு கீழே ஓடிவிட்டேன்.

அன்றிலிருந்து அது அவருக்கு ஓர் ஆயுதமாகிவிட்டது. நான் கோபக்காரி. சாம்பாரில் உப்பு கூட என்று அவர் சொன்னால் தட்டைப் பிடுங்கிக்கொண்டு போகிற ஜாதி. நான் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டால் பின்னால் வந்து நின்று "ஓ காத்தோர்ஸியெம்" என்பார். நான் அடங்கிவிடுவேன். நாலைந்து வருஷம் இப்படியே நல்லபடியாகப் போனது.

இரண்டாயிரத்துக்கு அப்புறம் ஒரு தை மாதத்தில்தான் வினை வந்தது. பட்டு வியாபாரிகள் சங்கத்தின் தலைவர் ஸ்கூட்டரை வாசலில் போட்டுவிட்டு உள்ளே வந்தார். கனத்த மனிதர், பேச்சும் கனமாகத்தான் இருக்கும். திருவண்ணாமலைக்கு ஒரு வெள்ளைக்காரத் தம்பதி வந்து தங்கியிருக்கிறார்களாம். பிரான்சில் ஏதோ சின்ன ஊராம். அந்த ஊரிலும் ஒரு காலத்தில் பட்டு நெய்தார்களாம். ஆரணித் தறியைப் பார்க்க ஆசைப்படுகிறார்களாம். இங்கிலீஷ் அவர்களுக்கு அரைகுறையாம்.

"நம்ம ஊர்ல பிரெஞ்சு தெரிஞ்ச ஒரே ஆளு தம்பிதான். சங்கத்துல கூட்டம் போட்டுட்டேன். வெள்ளிக்கெழம. நீதான் பேசற" என்று சொல்லிவிட்டு, நான் கொண்டுவந்த காபியை நின்றபடியே குடித்துவிட்டுப் போனார்.

அவர் போனதும் என் வீட்டுக்காரர் தறிக்குழியின் ஓரத்தில் பொத்தென்று உட்கார்ந்தார். தலையில் கை வைத்துக்கொண்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"இன்னாங்க, ஒடம்பு சரியில்லையா?"

"பேஜாராப் போச்சும்மா. எனக்குப் பிரெஞ்சு தெரியாது."

"அப்ப நீங்க பேசறது?"

"அது ஒரு கட்டுரை."

பிறகு மெதுவாக எல்லாம் வந்தது. அவரைப் பிளஸ் டூவுக்கு வேலூரில் ஹாஸ்டல் பள்ளியில் சேர்த்திருந்தார்கள். அந்தக் காலத்தில் தமிழை இரண்டாம் மொழியாக எடுத்தால் மார்க் வராது, திருத்துகிறவர் ரத்தம் கொடுப்பது போல ஒவ்வொரு மார்க்காகக் கொடுப்பார் என்று ஒரு பேச்சு. பிரெஞ்சு எடுத்தால் வாரி இறைப்பார்களாம். மொத்த மார்க்கை ஏற்றிக் காட்ட வேண்டும் என்று பெற்றவர்கள் பிள்ளைகளைப் பிரெஞ்சில் தள்ளினார்கள். பிள்ளைகள் பிரெஞ்சு படிக்கவில்லை, பிரெஞ்சுப் பரீட்சைக்குப் படித்தார்கள். அவர்களுடைய வாத்தியார் ரொம்ப விவரமானவர். பிரான்சில் உள்ள ஒரு சின்ன ஊரின் வரலாற்றை நூற்றாண்டு நூற்றாண்டாக விவரிக்கச் சொல்லி எப்படியும் ஒரு பெரிய கேள்வி வரும், இதை மட்டும் நெட்டுரு போடுங்கடா என்று எழுதிக் கொடுத்துவிட்டார். இவர் போட்டார். கேள்வி வந்தது. இருநூற்றுக்கு நூற்றுத் தொண்ணூறுக்கு மேல் வாங்கினார். மற்ற பிரெஞ்சு எல்லாம் ரிசல்ட் வந்த அன்றே போய்விட்டது. அந்த ஊர் மட்டும் போகவில்லை.

"சரி, அந்தக் கட்டுரைல இன்னாதான் இருக்கு? சொல்லுங்க."

அவர் விரல் விட்டுச் சொன்னார். முதலாம் நூற்றாண்டில் ரோமானியர்கள் வந்து ஆற்றின் மேல் கல் பாலம் கட்டினார்கள். ஒன்பதாம் நூற்றாண்டில் வடக்கேயிருந்து படகுகளில் கொள்ளைக்காரர்கள் வந்து ஊரைக் கொளுத்தினார்கள். பன்னிரண்டாம் நூற்றாண்டில் பெரிய மாதா கோயிலும் கோட்டையும் எழும்பின. இப்படியே போய்க்கொண்டிருந்தது. எனக்கு ஏதோ உறைத்தது.

"மொட்ட மாடில சொல்வீங்களே, அது எது?"

"அது... பதினாலாம் நூற்றாண்டு."

"அதுல இன்னா ஆச்சு?"

அவர் தறியைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், என்னை மட்டும் பார்க்கவில்லை. "பிளேக் வந்துது. ஊர்ல பாதிப் பேரு செத்துட்டாங்க. பொதைக்க ஆள் கெடைக்கல."

நாலைந்து வருஷம்! ஒவ்வொரு தடவையும் நான் வெட்கப்பட்டு முகத்தை மூடிக்கொண்டது பிளேக்குக்கு. அத்தனை நீளமான ஊர்க் கதையில் வேறு நூற்றாண்டே கிடைக்கவில்லையா இந்த மனுஷனுக்கு? "அதுதான் கேக்க நல்லா இருந்துது" என்றார் பாவமாக. நான் இரண்டு நாள் பேசவில்லை. சோறு மட்டும் வைத்தேன், அதுவும் சத்தத்தோடு.

மூன்றாம் நாள் அப்பாவிடமிருந்து போன் வந்தது. விஷயம் எப்படியோ தேவிகாபுரத்துக்குப் போயிருந்தது.

"கண்ணு, வெள்ளிக்கெழம நான் வரேன். உங்க பெரியப்பாவையும் இட்டுகினு வரேன். அவன் காதால கேக்கட்டும்."

"வேணாம் நைனா, வெயிலு ஜாஸ்தியா கீது."

"தை மாசத்துல இன்னா வெயிலு? வெச்சிரு."

அந்த நிமிஷமே என் கோபம் இடம் மாறிப் பயமாகிவிட்டது. வீட்டுக்காரரின் மானம் போனால் போகட்டும், அது அவராகச் சம்பாதித்தது. சங்கத் தலைவர் நாலு வார்த்தை திட்டினால் திட்டிவிட்டுப் போகட்டும். ஆனால் அப்பாவின் முகம் அண்ணனுக்கு முன்னால் சுருங்கக் கூடாது. இத்தனை வருஷம் பஸ்ஸில், கடையில், கல்யாணப் பந்தியில், யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும் "எங்க மாப்ளைக்குப் பிரெஞ்சு தெரியும்" என்று சொல்லிக்கொண்டிருந்த மனிதர். எனக்கு அது ஒன்றுதான் கவலை.

தொண்டை கட்டிக்கொண்டதாகச் சொல்லிவிடலாம் என்று நான்தான் யோசனை சொன்னேன். வியாழக்கிழமையிலிருந்தே அவர் கழுத்தில் ஒரு மப்ளரைச் சுற்றி, மிளகுப் பாலைக் கையில் கொடுத்து, வாசலில் தெரிகிற மாதிரி உட்கார வைத்தேன். நன்றாகவே இருமினார். வெள்ளிக்கிழமை காலையில் கூட்டிப் போக வந்த தலைவரிடம் சைகையால் தொண்டையைக் காட்டினார்.

தலைவர் கொஞ்சம்கூட அசரவில்லை. "தொண்ட கட்டினா இன்னா தம்பி? பிரெஞ்ச மூக்காலதான பேசணும்? ஜல்தி கெளம்பு."

சங்கத்தின் மாடி ஹால் நிறைந்திருந்தது. தறிக்காரர்கள், கடைக்காரர்கள், சாயப்பட்டறைக்காரர்கள், வேடிக்கை பார்க்க வந்த அரைத் தெரு. மேடையில் வெள்ளைக்காரத் தம்பதி, கழுத்தில் சந்தன மாலை, தோளில் பொன்னாடை. கணவர் நெட்டையாக, வழுக்கைத் தலையோடு, கண்ணாடிக்குப் பின்னால் சின்னச் சின்னக் கண்களோடு இருந்தார். பென்ஷன் வாங்கும் பள்ளிக்கூட ஆசிரியர் என்று தலைவர் அறிமுகம் செய்தார். வாத்தியாரிடமா என் வீட்டுக்காரர் மாட்ட வேண்டும்! முன் வரிசையில் அப்பா, வெளுத்த வேட்டி சட்டையில். பக்கத்தில் பெரியப்பா, கைகளைக் கட்டிக்கொண்டு.

"ஆரணியின் தொன்மை வாய்ந்த வரலாற்றை நம்முடைய தம்பி இப்போது பிரெஞ்சு மொழியில் விருந்தினர்களுக்கு எடுத்துரைப்பார்" என்று தலைவர் மைக்கைக் கொடுத்தார்.

என் வீட்டுக்காரர் பெண்கள் பக்கம் திரும்பி என்னைப் பார்த்தார். பார்வையிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. வேண்டாங்க என்று நான் தலையாட்டுவதற்குள் மப்ளரை அவிழ்த்துத் தோளில் போட்டார், கைகளைக் கட்டிக்கொண்டார், ஆரம்பித்துவிட்டார்.

அந்தப் பிரெஞ்சு ஊரின் பெயர் வருகிற இடத்திலெல்லாம் அவர் ஆரணி என்று போட்டார். அது ஒன்றுதான் கட்டுரையில் அவர் செய்த மாற்றம். ஆரணி என்று காதில் விழுந்தபோதெல்லாம் கூட்டம் கைதட்டியது. அவர் சொல்லியிருந்ததால் எந்த நூற்றாண்டில் என்ன நடக்கிறது என்று எனக்கு மட்டும் தெரியும். ரோமானியர்கள் ஆரணியில் கல் பாலம் கட்டினார்கள், கைதட்டல். கொள்ளைக்காரர்கள் படகில் வந்து ஆரணியைக் கொளுத்தினார்கள். அதைவிடப் பலமான கைதட்டல். வெள்ளைக்காரரின் புருவம் மெல்ல மெல்ல மேலே போய்க்கொண்டிருந்தது. அவர் மனைவி அவருடைய முழங்கையைப் பிடித்துக்கொண்டார். பதினாலாம் நூற்றாண்டு வந்தது. "ஓ காத்தோர்ஸியெம் ஸியெக்ள்" என்று மைக்கில் கேட்டதும், பழக்க தோஷம், அந்தக் கலவரத்திலும் எனக்கு முகம் சிவந்துவிட்டது. பக்கத்தில் இருந்த அம்மாள், "புழுக்கமா கீதா?" என்று கேட்டு விசிறினார்.

இத்தாலியிலிருந்து நெசவாளர்கள் வந்தார்கள். ராஜா அனுமதி கொடுத்தார். அடுத்து வந்த ராஜாவுக்கு அவர்களுடைய மதம் பிடிக்காமல் விரட்டிவிட்டார். எல்லாம் தண்ணீர் மாதிரி போய்க்கொண்டிருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டுக்கு வந்து, "ஓ திஸ்வித்தியெம் ஸியெக்ள்" என்றார்.

நின்றுவிட்டார்.

மறுபடியும் "ஓ திஸ்வித்தியெம் ஸியெக்ள்" என்றார். அதற்கு மேல் வரவில்லை. தலைக்கு மேலே மின்விசிறி கிறீச் கிறீச் என்று சுற்றியது. பெரியப்பா கட்டியிருந்த கைகளை அவிழ்த்துவிட்டு முன்னால் சாய்ந்தார். அப்பா கண்ணை மூடிக்கொண்டார். எல்லா நூற்றாண்டும் போய் இந்த நூற்றாண்டா காலை வார வேண்டும் என்று அந்த ஊரையே சபித்தேன்.

அப்போது அந்த வெள்ளைக்காரர், கால் மேல் போட்டிருந்த காலை இறக்கி, கொஞ்சம் முன்னால் வந்து, மெதுவாக ஒரே ஒரு வார்த்தை சொன்னார்.

"ரெவொலூஸியோன்?"

"உய்!" என்று கத்தினார் என் வீட்டுக்காரர், முழுகப் போனவனுக்குக் கயிறு கிடைத்த மாதிரி. "ரெவொலூஸியோன்!" பிறகு பிடித்துக்கொண்டார் பாருங்கள், புரட்சி வந்தது, மாதா கோயில் மணியை உருக்கிப் பீரங்கி செய்தார்கள், ரயில் வந்தது, இரண்டு யுத்தம் வந்து போனது, இன்று ஆரணி அதன் பட்டுக்கும் ஒயினுக்கும் பெயர் பெற்று விளங்குகிறது என்று மூச்சு விடாமல் முடித்தார். ஹாலே இடிந்து விழுகிற மாதிரி கைதட்டினார்கள். வெள்ளைக்காரரும் எழுந்து நின்று தட்டினார்.

"நடுவுல அவரு ஏதோ டவுட் கேட்டாரே தம்பி?" என்றார் தலைவர்.

"ஆமாங்க. தெளிவு பண்ணிட்டேன்."

அத்தோடு விட்டிருந்தால் புண்ணியமாகப் போயிருக்கும். வெள்ளைக்காரர் ஏதோ சொல்லிக் கைகளை வளைத்து ஒரு பாலத்தைக் காட்டினார். அவருக்கு ரோமானியப் பாலம் பார்க்க வேண்டும். தலைவருக்கு ஒரே பூரிப்பு. இரண்டு காரும் நாலைந்து ஸ்கூட்டரும் கமண்டல நாகநதிப் பாலத்துக்குப் புறப்பட்டன. அப்பாவும் பெரியப்பாவும் முதல் காரில் எங்களோடு ஏறிக்கொண்டார்கள். லாரிகள் போய் வருகிற அந்த சிமெண்ட் பாலத்தின் கீழே இறங்கி, வெள்ளைக்காரர் தூண்களைத் தடவித் தடவிப் பார்த்தார், போட்டோ எடுத்தார். பிறகு காய்ந்து கிடந்த ஆற்று மணலில் நின்று, துடுப்புப் போடுகிற மாதிரி இரண்டு கையாலும் வலித்துக் காட்டினார். அந்தக் கொள்ளைக்காரர்கள் வந்த வழி எது என்று கேட்கிறார் என்பது எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் புரிந்தது.

தலைவருக்கு வேறு மாதிரி புரிந்தது. "போட்டிங் கேக்கறாரு. ஆத்துல தண்ணி வந்து ரொம்ப நாள் ஆச்சுன்னு பக்குவமா சொல்லு தம்பி."

அடுத்து கோட்டை கேட்டார். நல்லவேளை, ஆரணியில் நிஜமாகவே கோட்டை உண்டு. அகழி உண்டு. உள்ளே பழைய சிவன் கோயில் உண்டு. சண்டை நடந்த ஊர்தான், ராஜாக்களும் ஜாகீர்தார்களும் இருந்த ஊர்தான். அவர் கேட்கக் கேட்க நாங்கள் காட்டிக்கொண்டே போனோம், கட்டுரை தானாகவே பாதி உண்மையாகிக்கொண்டு வந்தது. எனக்கே ஆச்சரியமாக இருந்தது. ஆறு, கோட்டை, கோயில், சண்டை, வரி, வந்து சேர்ந்த நெசவாளர்கள், எந்த ஊருக்கும் இதுதானே கதை. ரோமானியர்தான் கொஞ்சம் இடித்தார்கள். கடைசியில் கையைக் கோப்பை மாதிரி வைத்துக் காட்டி ஒயின் கேட்டபோது மட்டும் தலைவர் நெளிந்தார். "அதுக்கு நம்ம ஊர்ல கடை கீது, ஆனா நான் வந்து நிக்க முடியாது. ஆள் அனுப்பறேன்" என்றார். வெள்ளைக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. இந்தக் கிழவருக்கு முதல் வரியிலேயே தெரிந்திருக்கிறது. பொழுதுக்கும் எங்களைச் சுற்ற வைத்து வேடிக்கை பார்த்திருக்கிறார்.

கடைசியாக எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். தறிக்கு மேலே இருந்த, சேலையில் பூ வேலை எடுக்கிற ஜக்கார்டுப் பெட்டியையும் அதில் தொங்கிய துளையிட்ட அட்டைகளையும் பார்த்ததும் அவர் சிரிப்பை நிறுத்திவிட்டார். நிமிர்ந்து பார்த்துக்கொண்டே, "ஜக்கார்" என்றார். "ஜக்கார்டு" என்றார் என் மாமனார். அந்தப் பெட்டியைக் கண்டுபிடித்த பிரெஞ்சுக்காரரின் பெயர் அது. அன்றைக்கு மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் நடந்த முதல் பேச்சு அதுதான். அந்த அம்மாள் அட்டைகளைத் தொட்டுப் பார்த்துவிட்டு, தன் ஊரைப் பார்த்த மாதிரி கண் கலங்கினார்.

புறப்படும்போது கிழவர் என் வீட்டுக்காரரின் தோளில் கை வைத்து, தட்டுத் தடுமாறிய இங்கிலீஷில், "உன் வாத்தியார் சந்தோஷப்படுவார்" என்றார். பிறகு ஒரு விரலை ஆட்டி, "ஆனால் பதினெட்டாம் நூற்றாண்டை மறுபடி படி" என்றார். அதை என்னைத் தவிர யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்தேன்.

பெரியப்பாவிடமிருந்து அன்று ஒரு கிண்டலும் வரவில்லை. சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து, "நம்ம பேரன் பத்தாவது முடிக்கப் போறான் மாப்ள. பிரெஞ்சு எடுக்கச் சொல்றாங்க. நீங்க கொஞ்சம் சொல்லிக் குடுத்தா நல்லாருக்கும்" என்றார். என் வீட்டுக்காரர் மப்ளரை எடுத்து மறுபடியும் கழுத்தில் சுற்றிக்கொண்டார்.

அப்பாவையும் பெரியப்பாவையும் பஸ் ஏற்றிவிட நான்தான் போனேன். பஸ் ஸ்டாண்டில் பெரியப்பா வேர்க்கடலை வாங்க நகர்ந்ததும், அப்பா என் பக்கம் திரும்பாமலேயே கேட்டார்.

"கண்ணு, பொண்ணு பாக்க வந்தப்ப சொன்னாரே, இன்னிக்கு சொன்னதும் அதேதான?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "இன்னா நைனா சொல்றீங்க?"

"ஒவ்வொரு அடியும் ஓன்னு எடுக்கறாரு. பேசறவன் எங்கனா அப்படி எடுப்பானா? நான் எத்தினி கூத்து பாத்துருக்கேன்! வேஷக்காரனுக்கு பாட்டு மறந்துபோனா இன்னொருத்தன் அடி எடுத்துக் குடுப்பான். இன்னிக்கு வெள்ளக்காரன் குடுத்தான். நல்ல மனுஷன்."

"எப்பத்திலேருந்து தெரியும்?"

"அன்னிக்கே தெரியும்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பஸ் ஸ்டாண்ட் என்றுகூடப் பார்க்கவில்லை. "தெரிஞ்சேவா என்னக் குடுத்தீங்க?"

அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஒங்க பெரியப்பா இட்டாந்த வாத்தியாரு, நம்ம வூட்டுல ஒக்காந்துகினு, காபி ஆறிப்போச்சுன்னு பெத்த தாய சபைல அதட்டினான். நீ உள்ள இருந்த, ஒனக்குத் தெரியாது. இவருக்கு ஒண்ணும் வராது. ஆனா நாம கேட்டுட்டோம்னு எழுந்து நின்னு கையக் கட்டிகினாரு. வேர்த்து ஊத்துது. இல்லன்னு சொல்லி நம்ம மொகம் வாட விடல பாரு. அது போதும்னு நெனச்சேன்."

அப்பாவின் முகம் வாடக் கூடாதே என்று நான் இத்தனை நாளாகத் தவித்தது அவருக்குத் தெரியாது. என் வீட்டுக்காரர் அதையே வருஷக் கணக்காகச் செய்திருக்கிறார் என்று எனக்கும் தெரியாது. "பின்ன ஏன் நைனா ஊரெல்லாம் பிரெஞ்சு பிரெஞ்சுன்னு சொல்லிகினு திரிஞ்சீங்க?" என்று கேட்டேன்.

"எங்க மாப்ள நல்லவருன்னு சொன்னா எவன் நின்னு கேப்பான்?" என்றார் அப்பா.

பெரியப்பா கடலைப் பொட்டலத்தோடு வந்தார். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தார்கள். கண்டக்டர் வந்தார். ஜன்னலோரம் இருந்த அப்பா சில்லறையை நீட்டிக்கொண்டே, எனக்குக் கேட்கிற மாதிரி உரக்கச் சொன்னார். "தேவிகாபுரம் ரெண்டு. இங்கதான் எம் பொண்ணக் குடுத்துருக்கேன். மாப்ளைக்குப் பிரெஞ்சு தெரியும்." முகத்தில் ஒரு சிரிப்புகூட இல்லை, அசல் கூத்தாடி. பஸ் திரும்பி மறைகிற வரைக்கும் நான் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்தேன். அவர் மப்ளரோடு தறிக்குழி ஓரத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

"மாமா இன்னா சொன்னாரு? கண்டுபுடிச்சிட்டாரா?"

"இல்லீங்க. பஸ்ஸுல கண்டக்டர்கிட்ட பெருமையா சொல்லிகினு போறாரு" என்றேன்.

அவருக்கு உயிர் வந்தது. மப்ளரைக் கழற்றினார். நிமிர்ந்து உட்கார்ந்தார். "நல்லா பேசினேன் இல்ல? இன்னொரு வாட்டி சொல்லட்டுமா?"

"சொல்லுங்க" என்று பக்கத்தில் உட்கார்ந்தேன். "பதினாலாம் நூற்றாண்டுலேருந்து ஆரம்பிங்க."